வளைந்த முழங்கால், முறிந்த கணைக்கால்: பண்ருட்டிப் பக்கத்து மூட்டு மாற்று ஒன்றின் நிகழ்வு ஆய்வு

64 வயதுப் பெண். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம். முப்பது வருடத்துக்கும் மேலாக முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. காலை முதல் மாலை வரை தரையில் காலை மடக்கி உட்கார்ந்தே செய்ய வேண்டியது. உயரம் 150 செ.மீ., எடை 71 கிலோ. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு முழங்காலிலும் நாள்பட்ட வலி, வலது கால் வெளிப்பக்கமாக நன்றாகவே வளைந்துவிட்டது. (ஒரே மாதிரி வரும் சிலரின் விவரங்களைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி ஒரே நிகழ்வாக எழுதியிருக்கிறோம்.)

புதுச்சேரிக்கு அவரை மகனும் மருமகளும் அழைத்து வந்தபோது அவர் சொன்னது இது: "முட்டி வலி எனக்குப் பழகிப்போச்சு டாக்டர். இது அது இல்ல. முட்டிக்குக் கீழ எலும்புலயே குத்துது. காலை ஊனவே முடியல."

இரண்டு மாதமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். போன இடத்திலெல்லாம் "தேய்மானம் முத்திவிட்டது" என்றே பதில் கிடைத்தது. முழங்காலுக்குள் ஊசி போட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. இந்த வலி வந்த பிறகு வலிமாத்திரை தினமும் இரண்டு. நடுவில் ஒரு நாட்டுக் கட்டும் போட்டிருந்தார்கள். மூங்கில் பத்தை, பச்சிலைப் பத்து, மேலே இறுக்கமாகத் துணி. கட்டுக்கு அடியில் தோல் கொப்புளித்திருந்தது.

கையில் இரண்டு எக்ஸ்ரே இருந்தன. முதல் படம் வலி தொடங்கிய வாரத்தில் எடுத்தது. பாரம் தாங்காமல் எலும்பில் மெல்ல விழும் முறிவு அப்போது படத்தில் தெரியாது. கோடு தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். இரண்டாவது படத்தைச் சிறிய பிலிமில், மூட்டை மட்டும் நடுவில் வைத்து எடுத்திருந்தார்கள். கோளாறு இருந்த இடத்துக்கு மேலேயே படம் முடிந்துவிட்டது.

பரிசோதனை

மருத்துவர் முதலில் முழங்காலைத் தொடவில்லை. கணைக்காலின் முன்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே இறங்கினார். மூட்டிலிருந்து நான்கு விரற்கடைக்குச் சற்றுக் கீழே, ஒரே ஒரு புள்ளியில், அந்த அம்மா மருத்துவரின் கையைத் தட்டிவிட்டார். மேலேயும் கீழேயும் வலி இல்லை. தேய்மான வலி இப்படி ஒரு புள்ளியில் நிற்காது.

மற்றவை: வலது முழங்கால் முழுசாக நீளவில்லை, 15 டிகிரி மடங்கியே இருந்தது. அங்கிருந்து 95 டிகிரி வரை மடங்கியது. நிற்க வைத்தால் மூட்டு வெளிப்பக்கம் தள்ளியது. இடுப்பைச் சுழற்றினால் வலி இல்லை. இதைப் பார்க்காமல் விடக் கூடாது, ஏனென்றால் இடுப்பு மூட்டுக் கோளாறு முழங்கால் வலியாக வருவது சாதாரணம். பாதத்தில் நாடித்துடிப்பும் உணர்வும் சரியாக இருந்தன. குதிகாலில் ஆழமான பித்தவெடிப்பு, விரல் இடுக்கில் சேற்றுப்புண். கைவிரல்களில் முந்திரிக்கொட்டைப் பால் பட்டு உரிந்த தோல், இரண்டு இடத்தில் பச்சைப் புண்.

அதன் பிறகுதான் படம். நிற்க வைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே நீளப் படம். ஸ்கேனோகிராம் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வலது காலின் வளைவு 22 டிகிரி, இடது கால் 13. வலது மூட்டில் உள்பக்கம் எலும்போடு எலும்பு உரசிக் குழி விழுந்திருந்தது. மூட்டுக்கு 10 செ.மீ. கீழே டிபியா எனப்படும் கணைக்கால் எலும்பில் குறுக்காக ஒரு முறிவுக்கோடு, ஓரங்கள் தடித்து வெளுத்திருந்தன. விழுந்து அடிபட்ட முறிவு அல்ல, திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் வரும் ஸ்ட்ரெஸ் முறிவு.

ஏன் முறிந்தது

நேரான காலில் உடல் எடை இடுப்புப் பந்தின் நடுவிலிருந்து முழங்காலின் நடு வழியாகக் கணுக்கால் நடுவுக்கு இறங்குகிறது. கால் 22 டிகிரி வளைந்தால் அந்தக் கோடு முழங்காலுக்கே வெளியே, உள்பக்கமாகத் தள்ளிப் போகிறது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் டிபியாவின் மேற்பகுதி வளைக்கப்படுகிறது. நல்ல எலும்பு கொஞ்ச காலம் தாங்கும். இவருக்கு வைட்டமின் டி 11 நானோகிராம், எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் டி-ஸ்கோர் மைனஸ் 2.9, இரண்டுமே மிகக் குறைவு. இந்த எலும்பால் தாங்க முடியவில்லை.

ஆகவே மாவுக்கட்டு போட்டு மூன்று மாதம் படுக்க வைப்பது பயன் தராது. வளைவு அப்படியே இருக்கும்வரை ஒவ்வொரு அடியும் முறிவைப் பிரித்துக்கொண்டே இருக்கும். பிளேட் மட்டும் வைத்தாலும் அதே கதைதான். சாய்ந்து நிற்கும் வீட்டில் அஸ்திவாரத்தை விட்டுவிட்டுச் சுவர் விரிசலைப் பூசுவதற்கு ஒப்பானது அது. எலும்பை வெட்டி நிமிர்த்தும் ஆஸ்டியாட்டமி, மூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த இளம் வயதினருக்கு உரியது. இவருக்கு மூட்டே மிச்சமில்லை.

நீண்ட தண்டு, அதாவது ஸ்டெம் வைத்த மூட்டு மாற்று, இரண்டையும் ஒரே அறுவையில் தீர்க்கிறது. மூட்டை மாற்றும்போது கால் நேராகிறது, வளைக்கும் விசை போகிறது. டிபியாவுக்குள் இறங்கும் ஸ்டெம் முறிவைத் தாண்டிச் சென்று உள்ளிருந்தே அணைகொடுக்கிறது. முறிவைத் தாண்டி அந்த இடத்து எலும்பின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது அது போக வேண்டும். இவருக்கு மூட்டுப் பரப்பில் 1 செ.மீ. வெட்டிய பிறகு முறிவு 9 செ.மீ. ஆழத்தில் இருக்கும். அதற்குக் கீழே ஐந்தரை செ.மீ. தேவை. எனவே டிபியாவின் மேல் உட்காரும் உலோகத் தட்டோடு சேர்த்து 16 செ.மீ. இறங்கும் அளவு முடிவானது.

ஐந்து வார ஆயத்தம்

ஆகஸ்டு நடுவில் பார்த்தோம், செப்டம்பர் கடைசியில் அறுவை. இதற்கு ஒரு காரணம் உடல்நிலை, இன்னொரு காரணம் மழை. ஐப்பசி பிறந்தால் அவர் வீட்டுக்குப் போகும் மண்பாதை முழங்காலளவு தண்ணீரில் நிற்கும். தையல் பிரித்துப் புண் காய்வதற்குள் அந்தத் தண்ணீரில் இறங்க விடக் கூடாது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அறுவைத் தேதி குறிக்கும்போது இதையும் பார்த்தாக வேண்டும்.

இடைப்பட்ட காலத்தில் தொடையிலிருந்து கணுக்கால் வரை பிரேஸ், வாக்கர். வலது காலில் பாரம் வேண்டாம். வைட்டமின் டி வாரம் 60,000 யூனிட், எட்டு வாரத்துக்கு.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.2 இருந்தது. 7.5-க்குக் கீழே வருவதுதான் நல்லது. ஆனால் ஐந்து வாரத்தில் அந்த எண் முழுசாக இறங்காது, ரத்த அணுவின் ஆயுள் அப்படி. முறிந்த எலும்பை வைத்துக்கொண்டு மூன்று மாதம் காத்திருக்கவும் முடியாது. இந்த இக்கட்டில் ஃபிரக்டோசமைன் பரிசோதனை கைகொடுக்கும். கடந்த இரண்டு மூன்று வாரச் சர்க்கரையை மட்டும் அது காட்டுகிறது. 293 மைக்ரோமோலுக்கு மேல் இருந்தால் மூட்டு மாற்றில் தொற்று ஆபத்துக் கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். இன்சுலின் தொடங்கி 360-லிருந்து 280-க்கு வந்த பிறகே தேதி உறுதியானது. அவர் சாப்பிட்டு வந்த டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரை அறுவைக்கு மூன்று நாள் முன்பே நின்றது. இந்த வகை மாத்திரையோடு பட்டினி இருந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும். எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவார்கள், நோயாளி மூச்சிரைத்துக்கொண்டிருப்பார்.

ஹீமோகுளோபின் 9.6. இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்ததும் நரம்பு வழியாக 1 கிராம் இரும்பு. ஐந்து வாரத்தில் 11.8. வலிமாத்திரையால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.3-க்கு ஏறியிருந்தது, அந்த வகை மாத்திரைகள் முழுக்க நின்றன, பாராசிட்டமால் மட்டும். முழங்காலில் ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் அறுவை செய்தால் தொற்று வாய்ப்புக் கூடும். இவருக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. இருந்தாலும் உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான சிஆர்பி, இஎஸ்ஆர் பார்த்து, மூட்டுக்குள் ஏற்கனவே கிருமி இருப்பதற்கான அறிகுறி இல்லை என்று தெரிந்துகொண்டோம்.

தோலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பச்சிலைக் கட்டின் கொப்புளம், சேற்றுப்புண், பித்தவெடிப்பு, முந்திரிப்பால் புண் நான்கும் ஆறும்வரை அறுவை இல்லை என்று முதல் நாளே சொல்லப்பட்டது. கையில் இருக்கும் புண்ணுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று மருமகள் கேட்டார். சம்பந்தம் ரத்தம்தான். புண்ணில் இருக்கும் கிருமி ரத்தத்தில் ஏறினால் முதலில் போய் ஒட்டுவது உடலுக்கு அந்நியமான உலோகத்தில். அங்கே ஒட்டிய கிருமிக்கு மருந்து எட்டாது. ஐந்து வாரமும் கொட்டை உடைக்கப் போகவில்லை. அந்தக் கூலி இழப்பு அந்த வீட்டுக்குப் பெரிய தொகை, அதையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

பணம்: மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் முழங்கால் இம்பிளான்ட்டுக்கு உச்சவிலை வைத்தது. சாதாரண கோபால்ட் குரோமியம் முழுத் தொகுதிக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. ஸ்டெம் தனி உருப்படி. காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், ஸ்டெம்மும் கூடுதல் உலோகத் துண்டும் தொகைக்குள் வருமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வருவது மாநில எல்லையைத் தாண்டுவது. தமிழ்நாட்டு அட்டை அந்த மருத்துவமனையில் செல்லுமா என்பதைப் படுக்கையில் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

அறுவை

முதுகுத்தண்டு ஊசி மயக்கம், கூடவே தொடையின் உள்பக்க நரம்புக்கு மட்டும் அடக்டர் கால்வாய் பிளாக். தொடைத் தசை செயலிழக்காமல் வலி மட்டும் அடங்குவதால், மறுநாளே நிற்க வைக்க முடிகிறது. கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் ஆன்டிபயாட்டிக் 2 கிராம். ரத்த இழப்பைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், தையல் போடும்போது இன்னொரு 1 கிராம்.

திறந்ததும் முதல் வேலை, தேய்மானத்தால் மூட்டோரத்தில் வளர்ந்த எலும்பு முளைகளை எடுப்பது. உள்பக்கத் தசைநார் முளையின்மேல் கூடாரத் துணி மாதிரி இழுபட்டு நிற்கும். முளையை எடுத்தாலே வளைவில் ஒரு பங்கு குறைந்துவிடும். அவசரப்பட்டுத் தசைநாரை வெட்டிவிட்டுப் பிறகு முளையை எடுத்தால், மூட்டு உள்பக்கம் தொளதொளத்துப் போகும். அப்படி ஆனால் இரு பக்கமும் பிடித்து நிறுத்தும் கன்ஸ்ட்ரெய்ன்டு இம்பிளான்ட் தேவைப்படும். இந்த அளவு வளைந்த கால்களுக்கு அது பெட்டியில் தயாராக இருக்க வேண்டும். நல்லவேளையாக இங்கே அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டி வரவில்லை.

தொடை எலும்பின் கீழ்முனையில் 9 மி.மீ. வெட்டு. வெட்டும் கோணத்தை வழக்கப்படி 5 அல்லது 6 டிகிரி என்று வைத்துவிடக் கூடாது. இவருடைய தொடை எலும்பே சற்று வில்லாக இருந்ததால், நீளப் படத்தில் அளந்தபோது 8 டிகிரி வந்தது. அளக்காமல் 6 வைத்திருந்தால் புது மூட்டிலும் வளைவு மிச்சமிருந்திருக்கும். முறிவின்மேல் விசை தொடர்ந்திருக்கும்.

டிபியாவில் தேயாத வெளிப்பக்கத்திலிருந்து 8 மி.மீ. எடுத்து, எலும்பின் நீள அச்சுக்குச் செங்குத்தாக வெட்டு. எலும்புக் குழாயைக் குடையும் ரீமரை மோட்டார் இல்லாமல் கையால், அரை மி.மீ., ஒரு மி.மீ. என்று கூட்டிக்கொண்டே இறக்கினார்கள். முறிந்த இடத்தில் எலும்பின் உள்குழாய் தடித்த எலும்பால் அடைத்திருக்கும், ரீமர் அங்கே திசை மாறிப் பக்கச் சுவரைத் துளைக்கப் பார்க்கும். அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் திரையில் முன்னிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்துத்தான் ஒவ்வொரு அளவும் இறங்கியது. உதவியாளர் ஒருவரின் வேலை முழுக்கவே கணைக்காலை முறிவு விரியாமல் நேராகப் பிடித்திருப்பது.

வெட்டிய பிறகும் உள்பக்கத்தில் 8 மி.மீ. குழி இருந்தது. தட்டை ஒரு அளவு சிறிதாக்கி வெளிப்பக்கம் நகர்த்தி, உள்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த எலும்பை 6 மி.மீ. செதுக்கினார்கள். ஏறத்தாழ 2 மி.மீ. செதுக்கினால் 1 டிகிரி வளைவு நிமிரும், எனவே தசைநாரைத் தொடாமலே மூன்று டிகிரி கிடைத்தது. குழியின் பெரும்பகுதி தட்டுக்கு வெளியே போய்விட்டது, மீதி ஆழம் 4 மி.மீ.தான். குழி 5 மி.மீ. வரை இருந்தால், இம்பிளான்ட்டை எலும்பில் ஒட்டும் சிமெண்டாலேயே நிரப்பலாம். அதைத் தாண்டினால் திருகோடு சிமெண்ட் அல்லது உலோகத் துண்டு. 10-ஐத் தாண்டிய குழியில் சிமெண்டை மட்டும் கொட்டினால் அது சில வருடத்தில் உடையும்.

காலை நீட்டியும் 90 டிகிரி மடக்கியும் இடைவெளி பார்த்தபோது நீட்டலில் மட்டும் இறுக்கம். அவருடைய 15 டிகிரி மடக்கத்துக்குக் காரணமும் அதுதான். பின்பக்க முளைகளை எடுத்து, மூட்டின் பின்பக்க உறையான பின்னுறையை எலும்பிலிருந்து தளர்த்தியதும் சரியானது. அதற்கும் அசையாவிட்டால்தான் தொடை எலும்பில் இன்னொரு 2 மி.மீ. எடுப்பார்கள். முதலிலேயே எலும்பை அதிகம் வெட்டினால் மூட்டுக்கோடு மேலே போய், நடு மடக்கத்தில் ஆட்டம் வரும்.

சிமெண்ட் ஒரு பாக்கெட் 40 கிராம் தூள், 20 மி.லி. திரவம். தியேட்டர் சூடாக இருந்தால் சீக்கிரம் இறுகும். சித்திரை மாதத்தில் ஏசி சரியாக ஓடாத தியேட்டரில் தட்டை உட்கார வைக்கவே நேரம் போதாமல் போவதுண்டு. எலும்பைச் சலைன் பீய்ச்சிக் கழுவி ரத்தமில்லாமல் உலர்த்திய பிறகே பூச வேண்டும். சிமெண்ட் தட்டுக்கு அடியில் மட்டும்தான். ஸ்டெம்மில் பூசவே இல்லை, அது எலும்புக் குழாயில் இறுக்கமாகத் தானே உட்கார்ந்தது. சிமெண்ட் கீழே வழிந்து முறிவுக்குள் புகுந்தால் அந்த எலும்பு ஒருபோதும் சேராது. இந்த அறுவையில் தவறவே கூடாத இடம் இதுதான். கடைசியாக முறிவைத் திருகிப் பார்த்தார்கள், சுழலவில்லை. சுழன்றிருந்தால் சிறு பிளேட் ஒன்றும் வைத்திருப்பார்கள்.

பிறகு நடந்தது

மறுநாள் காலை வாக்கரோடு நின்றார். ஸ்டெம் உறுதியாக இருந்ததால் தாங்கும் அளவுக்குப் பாரம் வைக்கலாம் என்று அனுமதி. ரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸாபரின் 40 மி.கி. தினம் ஒரு ஊசி.

மூன்றாம் நாள் கட்டு நனைந்தது. வைக்கோல் நிறக் கசிவு, காய்ச்சல் இல்லை. கசியும் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது தவறு. அது கிருமியை மறைக்குமே தவிர வழியை அடைக்காது. எனாக்ஸாபரின் நின்று ஆஸ்பிரின் வந்தது, மடக்கும் பயிற்சி இரண்டு நாள் நின்றது, அழுத்தக் கட்டு. ஐந்தாம் நாள் உலர்ந்தது. ஒரு வாரத்துக்கு மேல் கசிந்திருந்தால் தியேட்டருக்குத் திரும்பக் கொண்டுபோய்த் திறந்து கழுவியிருக்க வேண்டும்.

பதினான்காம் நாள் தையல் பிரித்தபோது எல்லாம் சரி. மூன்றாம் வாரம் வந்தபோது கால் நீளவில்லை, 10 டிகிரி மடங்கியே நின்றது. விசாரித்ததில் மருமகள் சொன்னார்: "அத்தைக்கு வலிக்குதேன்னு முட்டிக்கு அடியில தலையணை வெச்சோம்." பாசத்தில் செய்வது. பெரும்பாலான வீடுகளில் நடப்பதும் இதுதான். தலையணை வைத்தால் இதமாக இருக்கும், ஆனால் பின்னுறை அந்த நிலையிலேயே சுருங்கிவிடும். வைக்க வேண்டியது குதிகாலுக்கு அடியில், சுருட்டிய துண்டு. முட்டி அந்தரத்தில் தொங்க, தன் பாரத்திலேயே நீளும். பத்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை. கூடவே முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது. எட்டாம் வாரம் 3 டிகிரி மட்டும் மிச்சம். மடக்கம் ஆறாம் வாரத்தில் 105.

வீட்டில் செய்த மாற்றங்கள் சில. முழங்கால் உயரத்துக்குக் குறையாத நாற்காலி, கழிவறைப் பீங்கான்மேல் வைக்கும் கமோடு ஸ்டூல், நனைந்தாலும் வழுக்காத மிதியடி. குந்தி உட்கார்ந்து கோலம் போடுவது மருமகளிடம் போனது. தரையில் உட்காரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கீழே உட்கார்ந்து எழுவதால் மூட்டு உடனே உடையாது, ஆனால் ஆழமாக மடக்கும்போதெல்லாம் இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவே உள்ள பாலிஎத்திலீன் துண்டின் பின்விளிம்பு தேய்கிறது. கொட்டை உடைப்புக்குத் தரையில் திரும்பப் போக வேண்டாம் என்று தெளிவாகவே சொன்னோம். மேசை வைத்து உடைக்கும் வேலைக்கு ஆறாம் மாதம் போகலாம், கையுறையோடு.

நான்காம் மாதப் படத்தில் முறிவின் நான்கு பக்கமும் எலும்பு சேர்ந்திருந்தது. காலின் அச்சு நேர்கோட்டிலிருந்து 2 டிகிரிக்குள். எலும்பு சேர்ந்த பிறகு, வைட்டமின் டி-யும் சிறுநீரகமும் சரியாக இருப்பதைப் பார்த்து, எலும்புத் தேய்வுக்கான வருடாந்தர ஊசி தொடங்கியது. டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டியிருக்கும் இம்பிளான்ட் ஸ்டிக்கர்களை நகலெடுத்து வைக்கச் சொன்னோம். எந்தக் கம்பெனி, எந்த அளவு, எந்தத் தொகுப்பு எண் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஒரு பாகத்தை மட்டும் மாற்ற நேர்ந்தால், அந்தத் தாள் இல்லாமல் முழு மூட்டையும் எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

இடது கால் இன்னும் 13 டிகிரி வளைந்தே இருக்கிறது. வலது கால் நிமிர்ந்ததில் இடது கால் இப்போது சற்றுக் குட்டை, செருப்பில் 1 செ.மீ. உயர்த்தித் தந்திருக்கிறோம். இடது டிபியாவில் கோடு எதுவும் இல்லை. எச்பிஏ1சி 7.1. கோடை முடிந்ததும் அடுத்த நீளப் படம் எடுத்து, முறிவு இல்லை என்பது உறுதியானால், ஸ்டெம் இல்லாத சாதாரண மூட்டு மாற்று. கணைக்காலில் புதிதாக ஒரே புள்ளியில் வலி வந்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்று மகனிடமும் மருமகளிடமும் சொல்லியிருக்கிறோம், அழுத்திப் பார்க்கும் முறையையும் காட்டியிருக்கிறோம்.